அம்மாவின் சீலைகளில் ஒரு ஒட்டுப்போர்வை: உள்ளுக்கு என்ன வைப்பது, எப்படி முடிப்பது?

பாலையூற்று நூல் | ஒக்டோபர் 18, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக அலுமாரியில் மடித்துக் கிடக்கும் ஒட்டுப்போர்வை ஒன்றை வருகிற தைப்பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும். தனியே யோசித்துக் களைத்துவிட்டேன், அதனால் இங்கே கேட்கிறேன்.

மேல்பக்கம் தைத்து முடிந்தது. அம்மாவின் நூல் சீலைகள் பதினொன்றை ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு இணைத்திருக்கிறேன். குறுக்கே 10, நெடுக 13, மொத்தம் 130 சதுரம். கணக்குப்படி 60க்கு 78 அங்குலம் வர வேண்டும். எனக்கு 59க்கு 76½தான் வந்தது. எங்கே பிழைத்தது என்று தெரியவில்லை.

பெரிய சிக்கல், மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு. புத்தகங்களில் பருத்திப் பஞ்சு விரிப்பு என்று போட்டிருக்கிறது. திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் துணிக்கடைகள் எல்லாம் ஏறி இறங்கிவிட்டேன். கிடைப்பது தலையணைக்கும் கதிரை மெத்தைக்கும் போடும் பொலியெஸ்டர் பஞ்சு. ஒரு துண்டு வாங்கி வைத்துத் தைத்துப் பார்த்தேன். மெத்தை மாதிரிப் புடைத்து நின்றது, அம்மாவின் சீலையின் மென்மையே போய்விட்டது. அன்றைக்கு மடித்து வைத்ததுதான்.

அம்மா தவறி நான்கு வருடம். அக்கா கனடாவில். செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை. இந்தப் பொங்கலுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்பத்தான் இந்தப் போர்வை.

இன்னொன்று. அம்மா அதிகம் உடுத்தியது ஒரு மாம்பழ மஞ்சள் வொயில் சீலை, மெல்லிய பருத்தி. கோணேஸ்வரம் ஏறும்போது காற்றுக்கு அதன் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் படியேறுவார். அந்தச் சீலை கொய்யகப் பக்கம் வலை மாதிரித் தேய்ந்துவிட்டது. ஒரு சதுரம்கூட வெட்டத் துணிவு வரவில்லை. அதை என்ன செய்யலாம்?

கிண்ணியா ராத்தா | ஒக்டோபர் 18, இரவு 10.05

தங்கச்சி, வாசிக்கவே நெஞ்சு கனத்தது. கட்டாயம் முடிப்போம்.

பஞ்சுக்குப் பதில் ஃபிளனல் துணி வைத்துப் பாருங்கள். குழந்தைத் துணி விற்கும் கடைகளில் யார் (கெஜம்) கணக்கில் வெட்டித் தருவார்கள். நான் இதுவரை தைத்த நான்கு போர்வையில் மூன்றுக்கு அதுதான். தைக்க முதல் வெந்நீரில் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும், ஃபிளனல் நன்றாகச் சுருங்கும். பொலியெஸ்டர் பஞ்சில் இன்னொரு குறை, கறுப்பு, நீலம் மாதிரி அடர்ந்த துணிகளில் அதன் இழை நாளடைவில் தையல் துளை வழியாக வெளியே வந்து வெள்ளை மயிர் மாதிரி நிற்கும். பிறகு அதை எடுக்கவே முடியாது.

உப்புவெளி ரீச்சர் | ஒக்டோபர் 19, காலை 6.40

பிள்ளை, முதலில் அளவைச் சொல்கிறேன். உங்கள் கால் அங்குலம் கொஞ்சம் கொழுத்துவிட்டது. ஒவ்வொரு தையலிலும் பக்கத்துக்கு ஒரு நூலளவு, அதாவது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினால், இரண்டு பக்கமும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு போகும். குறுக்கே 9 தையல், அதில் ஒன்றே எட்டில் ஒரு அங்குலம் போய்விடும். நெடுக 12 தையல், ஒன்றரை அங்குலம். உங்கள் அளவு அப்படியே பொருந்துகிறது. எல்லாத் தையலிலும் ஒரே அளவாகக் கொழுத்ததால் மூலைகள் சந்தித்திருக்கும். அதை அவிழ்க்க வேண்டாம்.

இனிப் பஞ்சு விஷயம். நமக்குப் பஞ்சு எதற்கு? திருகோணமலையில் மார்கழி, தை இரவுகளில் மட்டும்தான் போர்வை தேடுகிறோம். கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு பெட்சீற்றே பாரம். பஞ்சு விரிப்பு குளிர்நாட்டுக்காரரின் தேவை. பழஞ்சீலையை அடுக்கித் தைப்பது நம்முடைய பக்கத்து வேலை. வங்காளத்தில் காந்தா என்பது அதுதான், பழஞ்சீலையும் வேட்டியும் இரண்டு மூன்று அடுக்காக வைத்து ஓட்டுத்தையல் போடுவார்கள், சீலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டியிலும் பஞ்சு இல்லை. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள், நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணி வைப்பார்கள், அதற்குப் பூ என்று பெயர்.

ஆகவே உங்கள் மாம்பழ மஞ்சள் சீலையை வெட்டாதீர்கள். நடுவில் வையுங்கள். தேய்ந்த துணி மேலே வந்தால் கிழியும். இரண்டு நல்ல துணிகளுக்கு நடுவில் தையல் பிடித்துக்கொண்டால் அதன் மீது இழுவை விழாது, அப்படியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மேல்பக்கத்தில் வெள்ளை வொயில் சதுரங்கள் இருந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் நிழலடிக்கும். அது உங்களுக்குச் சம்மதமா என்று ஒரு சதுரத்தை மஞ்சள் மேல் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாலையூற்று நூல் | ஒக்டோபர் 19, காலை 7.15

ரீச்சர், வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சதுரம் பால்கோப்பி நிறத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறமாக மாறுகிறது. எனக்குச் சம்மதம்.

இதை ஏன் மூன்று வருடமாக யோசிக்கவில்லை?

ஸ்காபரோ மாமி | ஒக்டோபர் 19, மாலை 5.50

நான் பிறந்தது டைக் வீதியில், இருப்பது ரொறன்ரோவில். பருத்திப் பஞ்சு விரிப்பு இங்கே எல்லாக் கடையிலும் உண்டு, வேண்டுமென்றால் ஆரிடமாவது கொடுத்தனுப்பலாம். ஆனால் ரீச்சர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே வீடுகளுக்குள் ஹீற்றர் ஓடுகிறது. அக்காவுக்குக் குளிருக்குப் போர்வை இருக்கும். அவருக்கு வேண்டியது இது.

அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு சின்ன ஊர். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் இறந்துபோன கணவரின் வேலைச் சட்டைகளையும் காற்சட்டைகளையும் வெட்டி ஒரு போர்வை தைத்தார். வெளுத்த முழங்கால் அடையாளங்கூட அந்தத் துணிகளில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் பிறகு பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கின, 2006இல் அமெரிக்கா அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது. கடையில் வாங்கிய புதுத்துணியால் வந்த பெயர் இல்லை அது.

இன்னொரு விஷயம், முக்கியம். தையல் கோடு போட, சூடு பட்டால் மறையும் பேனாவைப் பாவிக்காதீர்கள். அயன் பண்ணினால் கோடு மறைந்துவிடும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே பத்து இருபது பாகைக் குளிர் பட்டால் அந்த மை திரும்பி வரும். நான் ஒரு குழந்தைப் போர்வையைத் தை மாதத்தில் காரின் பின்பெட்டியில் இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் நான் போட்ட கோடுகள் எல்லாம் வரிசையாக நின்றன. இந்தப் போர்வை கனடா வரப்போகிறது, நினைவிருக்கட்டும்.

நிலாவெளிப் பிள்ளை | ஒக்டோபர் 19, இரவு 8.30

ஐயோ, என்னிடம் அந்தப் பேனாதான் இருக்கிறது. அப்படியானால் எதால் கோடு போடுவது?

உப்புவெளி ரீச்சர் | ஒக்டோபர் 19, இரவு 8.45

தேய்ந்து மெலிந்த சவர்க்காரத் துண்டு. ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அடர்ந்த நிறங்களில் வெள்ளைக் கோடு நன்றாகத் தெரியும், கழுவினால் போய்விடும். வெளிர் துணிக்குத் தையல்காரரின் நீலச் சோக், ஆனால் முதலில் ஒரு வெட்டுத்துண்டில் போட்டுக் கழுவிப் பாருங்கள்.

நிலாவெளிப் பிள்ளை | ஒக்டோபர் 20, காலை 10.10

நன்றி ரீச்சர். நான் அக்காவின் குழந்தைக்கு 36க்கு 36 அங்குலத்தில் ஒன்று தைக்கிறேன், அதுவும் பாதியில் நிற்கிறது. அரக்குச் சிவப்புத் துணி ஒன்று சாயம் போகிறது. உப்பும் வினாகிரியும் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடிக்கும் என்று வீடியோவில் சொன்னார்கள். இரண்டு முறை செய்தும் தண்ணீர் சிவப்பாகவே வருகிறது.

ஸ்காபரோ மாமி | ஒக்டோபர் 20, மாலை 6.20

பிள்ளை, உப்பும் வினாகிரியும் இந்த வேலைக்கு உதவாது. இப்போது பருத்திக்குப் பெரும்பாலும் போடும் சாயங்களில், உப்பு சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளுவதற்கு. இழையோடு பிணைப்பது சோடா. அந்த வேலை சாயம் போடும் இடத்திலேயே முடிந்துவிடும். பிணையாமல் மிஞ்சிய சாயம்தான் இப்போது தண்ணீரில் வருகிறது, அதைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். கை பொறுக்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத் தூள், தாராளமாகத் தண்ணீர். மூன்று நான்கு தடவை. பிறகு ஈரத்துணியை வெள்ளைத் துணிமேல் வைத்து அயனால் அழுத்துங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் தைக்கலாம். நான்கைந்து தடவைக்குப் பிறகும் கறை இறங்கினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். குழந்தைப் போர்வையை வாரத்துக்கு இரண்டு தரம் கழுவ வேண்டி வரும்.

பாலையூற்று நூல் | ஒக்டோபர் 26, இரவு 9.00

ஒரு வாரமாகக் கணக்குப் பார்த்தேன். அடித்துணிக்கு அம்மாவின் வெள்ளைச் சீலை, நீலக்கரை போட்டது, நல்ல உறுதி. ஐந்தரை மீற்றர். 85 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டி நடுவில் இணைத்தால் 59 அங்குல அகலத்துக்குத் தாராளம், மீதியும் வரும். மஞ்சளையும் அப்படியே இரண்டாக மடித்து... இல்லை, அதை வெட்டாமல் மடித்துத்தான் வைக்கப்போகிறேன். மடிப்பு நடுவில் விழாமல் ஓரத்தில் விழும்படி.

மூன்று அடுக்கையும் பிடித்து வைக்க ஊக்கு குத்தட்டுமா? நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 280 ஊக்கு வருகிறது.

கிண்ணியா ராத்தா | ஒக்டோபர் 26, இரவு 9.25

ஊக்கு வேண்டாம் தங்கச்சி, வேண்டவே வேண்டாம். இது நான் பட்டது. இரண்டாவது போர்வைக்குக் கார்த்திகையில் ஊக்குக் குத்தினேன். மழை தொடங்கியது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வேலை நின்றுவிட்டது. மாசியில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஊக்கும் இருந்த இடத்தில் இரண்டு பழுப்புப் புள்ளி. நம்முடைய உப்புக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் சாதாரண ஊக்கு தாங்காது. வெளிர்நீலத் துணி முழுக்க அம்மை போட்ட மாதிரி.

தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டேன், காய்ந்ததும் கழுவினேன், திரும்பத் தடவினேன். நான்கு நாளில் பெரும்பாலான புள்ளி போய்விட்டது. ஆனால் தேசிக்காய் சில சாயங்களையும் சேர்த்து வெளுக்கவைக்கும், அதனால் ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். உங்கள் அம்மாவின் சீலையில் அந்த ஆபத்தே வேண்டாம். பிறகு உருவிவிடும் பெரிய தையலாக நூலோடுங்கள். நூல் துருப்பிடிக்காது.

உப்புவெளி ரீச்சர் | ஒக்டோபர் 27, காலை 6.30

ராத்தா சொன்னது சரி. நூலோடுவது இப்படி: சீமெந்துத் தரையைத் துடைத்துக் காயவிட்டு, அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டுங்கள். இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். அதன்மேல் மஞ்சள். அதன்மேல் உங்கள் தையல், நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து வெளியே கையால் தடவிக்கொண்டு போங்கள். பிறகு நடுவில் தொடங்கி நான்கு திசைக்கும் பெரிய தையலாக, இரண்டு அங்குலம் மூன்று அங்குலத் தையலாக ஓட்டுங்கள். மலிவான வெள்ளை நூல் போதும், இதை எல்லாம் பிறகு உருவிவிடுவோம். நிறநூல் வேண்டாம், உருவும்போது சாயத் தூள் துளையில் நிற்கும்.

பாயிலோ கட்டிலிலோ விரித்துச் செய்யாதீர்கள்.

சீனக்குடா மெஷின் | ஒக்டோபர் 27, மதியம் 1.15

பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன், அக்கா. கையாலா மெஷினாலா தைக்கப்போகிறீர்கள்? என்ன மெஷின் இருக்கிறது?

பாலையூற்று நூல் | ஒக்டோபர் 27, மதியம் 1.40

அம்மாவின் கறுப்புக் கால்மெஷின்தான் தம்பி. சதுரங்களை அதிலேதான் இணைத்தேன். மூன்று அடுக்கை வைத்தால் மேல்துணி முன்னுக்குத் தள்ளுப்பட்டு மடிப்பு விழுகிறது. அடியில் நூல் வளையம் வளையமாக நிற்கிறது.

சீனக்குடா மெஷின் | ஒக்டோபர் 27, இரவு 7.30

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. அடியில் வளையம் வந்தால் எல்லாரும் அடிநூல் சுற்றியிருக்கும் பொபினைத் திருகுவார்கள், ஆனால் பெரும்பாலும் பிழை மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை மேலே தூக்கிவைத்துக்கொண்டு நூலை முதலிலிருந்து கோருங்கள். பாதம் கீழே இருந்தால் இறுக்கும் தட்டுகள் மூடியிருக்கும், நூல் இடையில் போய் உட்காராது.

மேல்துணி தள்ளுப்படுவது மெஷினின் இயல்பு. ஊசிக்குக் கீழே இருக்கும் பல் அடித்துணியை மட்டும் இழுக்கிறது, பாதம் மேல்துணியை நிறுத்திப் பிடிக்கிறது. மேல்துணியையும் சேர்த்து இழுக்கும் வோக்கிங் ஃபுட் என்ற பாதம் இருக்கிறது. பழைய கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானதுக்கு லோ ஷாங்க் வகை, அதாவது பாதம் பூட்டும் தண்டு குட்டையானது, பொருந்தும். வாங்க முதல் உங்கள் பாதத்தைக் கழற்றிக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். அது இல்லாமல் செய்வதென்றால் மேலே இருக்கும் அழுத்தத் திருகை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, தையலை நீளமாக்கி, எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தையுங்கள்.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவில் ஆறேழு அங்குல இடம்தான். 59 அங்குலப் போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைத்து, காலாலும் மிதித்துக்கொண்டு தைப்பது ஆளை வாட்டும். நடுவேலையைக் கையால் செய்யுங்கள். விளிம்பை மூடித் தைக்கும் ஓரப்பட்டிக்கு மெஷினை வையுங்கள்.

அதுக்கு முதல் ஊசித் தட்டைக் கழற்றிப் பல்லுக்கு அடியில் இருக்கும் பஞ்சுத் தூசியை ஒரு பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள். அந்தத் தூசி கடற்காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். மெஷின் எண்ணெய் ஒரு துளி, பிறகு வெட்டுத்துணியில் கொஞ்சநேரம் ஓட்டி எண்ணெயைத் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விடக்கூடாது, காய்ந்து பிசினாகிவிடும். மாரிக்குச் சக்கரத்தைச் சுற்றும் தோல்வார் தளர்ந்திருந்தால் கால் அங்குலம் வெட்டிக் கம்பியைத் திரும்பப் போடுங்கள்.

உப்புவெளி ரீச்சர் | ஒக்டோபர் 28, காலை 6.50

கையால் என்றதும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சதுரத்திலும் நெடுக இரண்டு கோடு, இணைப்புத் தையலிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி. பத்துச் சதுரத்துக்கு 20 கோடு. கோட்டுக்கும் கோட்டுக்கும் மூன்று அங்குலம். உள்ளே இருப்பது நெய்த துணி, பஞ்சு மாதிரிக் கட்டிபடாது, இந்த இடைவெளி போதும். ஒரு நாளைக்கு ஒரு கோடு. 20 நாள்.

ஒற்றை நூல். ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், நீள நூல் ஒவ்வொரு இழுப்பிலும் துணியில் உரசித் தேயும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் சிக்காது. முடிச்சை மேலே விடாமல் மேல்துணிக்குக் கீழே இழுத்து மறையுங்கள், சின்னதாய் ஒரு சத்தம் கேட்கும், உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பகல் வெளிச்சத்தில் தையுங்கள்.

நிலாவெளிப் பிள்ளை | நவம்பர் 2, இரவு 8.00

அரக்கு ஐந்தாவது கழுவலிலும் நிற்கவில்லை மாமி. விட்டுவிட்டேன். அதற்குப் பதில் மருதமுனைக் கைத்தறித் துண்டு ஒன்று வைத்தேன். தடிப்புக் கூடத்தான், ஆனால் மற்ற வொயில் துணிகளைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி வெட்டியதும் இரண்டும் ஒத்துப்போகிறது.

கிண்ணியா ராத்தா | நவம்பர் 2, இரவு 8.20

கஞ்சி போட்டால் சீக்கிரம் தைத்துக் கழுவிவிடு பிள்ளை. அலுமாரியில் வைத்தால் பூச்சி அரிக்கும்.

பாலையூற்று நூல் | நவம்பர் 9, இரவு 9.40

நூலோடி முடித்தேன். மகனும் நானும் இரண்டு பின்னேரம். முதல் கோடும் போட்டுவிட்டேன்.

பாலையூற்று நூல் | நவம்பர் 23, இரவு 10.15

மனம் விட்டுப்போய் எழுதுகிறேன். ஒன்பது கோடு முடிந்தது. இன்று திருப்பிப் பார்த்தேன். அடித்துணியில் ஆறாவது கோட்டுக்கும் எட்டாவது கோட்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, அதன் மேலேயே தைத்திருக்கிறேன், ஒன்றரைச் சாண் நீளம். மழைக்குத் தரை ஈரமாக இருந்ததால் இரண்டாம் நாள் நூலோட்டத்தைக் கட்டிலில் போட்டுச் செய்தோம். ரீச்சர் சொல்லியும் கேட்கவில்லை.

அவிழ்த்தால் மூன்று நாள் வேலை போகிறது. விட்டால் அடியில்தானே, ஆர் பார்க்கப்போகிறார்கள் என்றும் ஒரு நினைப்பு.

கிண்ணியா ராத்தா | நவம்பர் 23, இரவு 10.30

விடுங்கள் தங்கச்சி. கையால் செய்த வேலை. அக்கா அதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் போகிறார். முடிப்பதுதான் முக்கியம், திரும்பவும் அலுமாரிக்குள் போய்விடக்கூடாது.

உப்புவெளி ரீச்சர் | நவம்பர் 24, காலை 6.20

ராத்தாவின் மனம் எனக்கு விளங்குகிறது, ஆனால் இதில் நான் வேறு மாதிரி. அழகுக்காகச் சொல்லவில்லை. மடிப்பு விழுந்த இடத்தில் துணி மூன்றாகப் புடைத்து நிற்கும், கழுவும்போதும் மடிக்கும்போதும் அந்த முனைதான் முதலில் உரசித் தேயும். பழஞ்சீலை அங்கேதான் கிழியும். முழுக்கோட்டையும் அவிழ்க்க வேண்டாம். மடிப்புக்கு மேலும் கீழும் ஒரு சாண் மட்டும், மூன்று கோட்டிலும். பழைய நூல் முனையை ஊசியில் கோர்த்து உள்ளே இழுத்து மறைத்துவிட்டு, துணியை நீவி, புதிதாகத் தையுங்கள். மடிந்து நின்ற துணியை இரண்டு பக்கத்துக்கும் பகிர்ந்து தள்ளினால் அடங்கிவிடும். ஒரு பின்னேர வேலை.

பாலையூற்று நூல் | நவம்பர் 25, மாலை 6.05

இரண்டு பின்னேரம் எடுத்தது ரீச்சர். சரியாகிவிட்டது. அவிழ்த்தபோது மேல்துணிக்குக் கீழே மஞ்சள் தெரிந்தது, அதன் மேல் கொஞ்சநேரம் கை வைத்திருந்தேன். அந்த மூன்று கோட்டையும் இனி ஆரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நிலாவெளிப் பிள்ளை | டிசம்பர் 7, காலை 9.30

அக்கா, இருபதும் முடிந்ததா? ஓரப்பட்டிக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? எனக்கும் வேண்டும்.

பாலையூற்று நூல் | டிசம்பர் 7, இரவு 8.50

நேற்று முடிந்தது! நான் பார்த்த கணக்கு: சுற்றளவு 59ம் 76½ம், இரண்டு மடங்கு, 271 அங்குலம். மூலைக்கும் முடிவுக்கும் 10 சேர்த்தால் 281. கடைத்துணியில் ஒரு பட்டிக்கு 42 அங்குலம் கிடைக்கும். 7 பட்டி போதும், 294 வருகிறது.

கிண்ணியா ராத்தா | டிசம்பர் 7, இரவு 9.10

7 போதாது. பட்டிகளை மூலைவாட்டில் இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் பட்டியின் அகலம் அளவு போகும். இரண்டரை அங்குலப் பட்டி, ஆறு இணைப்பு, 15 அங்குலம் போய் 279தான் மிஞ்சும். கடைசி மூலையில் வந்து இரண்டு அங்குலம் குறைந்தால் அழுகை வரும். 8 பட்டி வெட்டுங்கள். 20 அங்குலத் துணி, முக்கால் யார் வாங்கினால் மீதியும் கிடைக்கும். நேராக இணைத்தால் துணி மிச்சமாகும் என்பார்கள், ஆனால் அத்தனை அடுக்கும் ஒரே இடத்தில் குவிந்து முடிச்சு மாதிரி நிற்கும்.

நானெல்லாம் பழகிய காலத்தில் அரை யார் துணி குறைந்தால் ஒரு நாள் போய்விடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை, ஒரு நூல்கட்டைக்கும் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவையில், ஏறித்தான் டவுனுக்கு வர வேண்டும். அதனால் எப்போதும் கூட்டித்தான் கணக்குப் பார்ப்பேன்.

உப்புவெளி ரீச்சர் | டிசம்பர் 8, காலை 6.45

மூலைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயன் பண்ணி, வெட்டிய ஓரம் போர்வையின் ஓரத்தோடு ஒட்ட, மேல்பக்கத்தில் வைத்துத் தைத்துக்கொண்டு வாருங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, இரண்டு தையல் பின்னுக்குப் போட்டு நூலை வெட்டுங்கள். இப்போது பட்டியை மேலே, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக மடியுங்கள். மூலையிலிருந்து சரிவாக ஒரு மடிப்பு விழும். அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டியைத் திரும்பக் கீழே, அடுத்த ஓரத்தோடு மடியுங்கள். மேல் மடிப்பு போர்வையின் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும், ஒரு நூல் உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம். ஓரத்திலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். பட்டியை அடிப்பக்கம் திருப்பியதும் மூலை தானாகச் சரிவாய் விழும். அடிப்பக்கத்தைக் கையால், எட்டில் ஒரு அங்குல இடைவெளியில், நூல் வெளியே தெரியாமல் எம்மிங் பண்ணுங்கள்.

பாலையூற்று நூல் | டிசம்பர் 21, இரவு 9.00

முதல் மூலை சரிவரவில்லை, அவிழ்த்துத் திரும்பத் தைத்தேன். மற்ற மூன்றும் ரீச்சர் சொன்ன மாதிரியே விழுந்தன. நூலோட்டத்தை எல்லாம் உருவியாகிவிட்டது. அடித்துணியின் நீலக்கரையை ஓரமாக வரவைத்ததால் பின்பக்கம் திருப்பினாலும் சீலை மாதிரியே இருக்கிறது. இப்போது என் மடியில் கிடக்கிறது. பாரமே இல்லை.

ஸ்காபரோ மாமி | டிசம்பர் 21, இரவு 11.15

பிள்ளை, ஒரு மூலையில் அம்மாவின் பெயரும் உங்கள் பெயரும் வருடமும் ஊரும் நூலால் எழுதுங்கள். இங்கே பழைய போர்வைகள் எத்தனையோ, தைத்தவர் ஆரென்றே தெரியாமல் கடைகளில் கிடக்கின்றன.

நிலாவெளிப் பிள்ளை | டிசம்பர் 29, காலை 11.00

என்னுடையதும் முடிந்தது! 36க்கு 36. குழந்தை அதன் மேல்தான் தவழ்கிறது.

பாலையூற்று நூல் | ஜனவரி 12, இரவு 10.30

அக்கா நேற்று வந்தார். இரவு ரெயிலில் வந்து விடிய இறங்கியவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, தேத்தண்ணி குடித்த பிறகு கொடுத்தேன். விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சதுரமாகச் சொன்னார். இது சின்னம்மாவின் கலியாணத்துக்கு உடுத்தது, இது என்னைப் பள்ளிக்கூடம் சேர்க்க வந்தபோது உடுத்தது. எனக்குத் தெரியாத கதைகள் நான்கைந்து வந்தன.

பிறகு, "மாம்பழ மஞ்சள் எங்கே? அதை ஏன் போடவில்லை?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. போர்வையை எடுத்து முன் ஜன்னலில், வெயில் வரும் பக்கம், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். வெள்ளை வொயில் சதுரங்கள் எல்லாவற்றிலும் மஞ்சள் தெரிந்தது. அக்கா கிட்ட வந்து முகத்தை அதில் வைத்துக்கொண்டார்.

உப்புவெளி ரீச்சர் | ஜனவரி 13, காலை 6.10

சந்தோஷம் பிள்ளை. அக்காவிடம் சொல்லிவிடுங்கள், முதல் கழுவல் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், கையால். பிழியக்கூடாது. துவாயில் வைத்து உருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, கொடியில் தொங்கவிடாமல் விரித்துக் காயவைக்க வேண்டும். வெள்ளைச் சீலையின் மீதித் துண்டை எறிந்துவிடாதீர்கள், பிறகு எங்கேயாவது சதுரம் தேய்ந்தால் ஒட்டுப்போட அதே துணி வேண்டும்.